முதல் குளிர்காலம், சூப்பீரியர் வடகரை: புயலில் ட்ரக்கை நிறுத்தினால் உள்ளே சூடாக இருப்பது எப்படி?

புதுச்சாரதி (ஸ்காபரோ)

வணக்கம் அண்ணைமார், அக்காமார்.

இந்த வசந்தத்தில்தான் ஏ-ஸெட் (ட்ரெய்லர் இழுக்கிற பெரிய ட்ரக்) லைசன்ஸ் எடுத்தேன். கோடை முழுக்க 401 ஆம் நெடுஞ்சாலையில் மொன்றியல் வரை ஓடினேன். அடுத்த கிழமை முதல் வினிபெக் ஓட்டம் தந்திருக்கிறார்கள். சூ செயின்ட் மேரியிலிருந்து தண்டர் பே வரை ஏறக்குறைய 700 கிலோமீற்றர், சூப்பீரியர் ஏரிக்கரையோரமாக 17 ஆம் நெடுஞ்சாலை. புயல் வந்தால் பொலிஸ் ரோட்டைப் பூட்டிவிடும், ஒரு நாள்கூட நிற்க வேண்டி வரும் என்கிறார்கள்.

கம்பனி ட்ரக்கில் படுக்கைப் பகுதியைச் சூடாக்கும் பங்க் ஹீட்டர் இருக்கிறது, ஏ.பி.யு. (பெரிய என்ஜின் ஓடாமலே மின்சாரமும் சூடும் தருகிற சின்ன மோட்டார்) இல்லை. என்ஜினைச் சும்மா ஓடவிட்டால் 5 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஹீட்டர் இருக்கிறதுதானே, பயம் இல்லை என்று அம்மாவுக்குச் சொன்னேன். எனக்கே அது முழுப் பதிலாகத் தெரியவில்லை. என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

வடகரை22

தம்பி, ஹீட்டர் இருக்கிறதுதானே என்கிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்த ரோட்டில் எனக்கு 22 குளிர்காலம்.

மரத்தன் ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு இரவு ரோடு பூட்டி நின்றேன். வெளியே மைனஸ் 38. பங்க் ஹீட்டர் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். இரண்டு மணிபோல மூக்கு நுனி நோக விழித்தேன். ஹீட்டர் நின்றிருந்தது. அது டீசலில் எரிந்தாலும் அதன் விசிறியும் பம்பும் பற்றறியில்தான் ஓடுகின்றன. பற்றறி பலம் குறைந்ததும் தானாக அணைந்துவிட்டது. சரி, என்ஜினைப் போடுவோம் என்றால், என்ஜினைத் திருப்பவும் அதே பற்றறிதான். அன்று மாலை வரை நல்ல பற்றறி. மைனஸ் 18 இலேயே லெட்-ஆசிட் பற்றறியின் பலம் பாதிக்குக் கிட்டப் போய்விடும். மைனஸ் 38 இல் எது மிஞ்சும்?

விடியும்வரை என்னைக் காப்பாற்றியது மைனஸ் 30க்கு என்று போட்டு விற்கிற ஒரு ஸ்லீப்பிங் பை. அதை வாங்கியபோது மனைவி, இவ்வளவு காசு கொடுத்து ஏன் என்று கேட்டவர். இப்போது ஒவ்வொரு ஒக்டோபரும் அவர்தான் அதை வெயிலில் காயப்போட்டு எடுத்துத் தருகிறார்.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: என்ஜினும் ஹீட்டரும் இரண்டும் செத்தால், 12 மணி நேரம் உம்மைச் சூடாக வைத்திருக்க வண்டியில் என்ன இருக்கிறது? அதற்குப் பதில் இல்லாமல் சூ-வுக்கு மேலே ஏற வேண்டாம்.

நான் வைத்திருப்பது: அந்தப் பை, ஒரு கம்பளிப் போர்வை, உள்ளே போடக் கம்பளி நீள உடுப்பு இரண்டு சோடி, கம்பளி மேசு (காலுறை) நான்கு சோடி, தொப்பி, விரல் பிரியாத கையுறை. பருத்தி வேண்டாம். வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பனி வழித்துவிட்டு வேர்வையோடு வந்து அப்படியே படுக்கவும் வேண்டாம், முதலில் உள் உடுப்பை மாற்றும். குளிர் ஏறின பிறகு உடுப்புப் போடுவதில் பாதிப் பயன்தான், சூடு இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்லீப்பரின் (இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கை இடம்) திரையை இறுக்கி மூடும். முன் கண்ணாடிகளுக்கு வெள்ளித் தாள் மறைப்பு வாங்கிப் போடும். கண்ணாடி வழியாகத்தான் சூடு ஓடுகிறது. சின்ன இடத்தைச் சூடாக்குவது சுகம்.

பங்க் ஹீட்டரை அதன் சுவிட்சால்தான் அணைக்க வேண்டும். உள்ளே எரிவது அடங்கி விசிறி ஆறும்வரை இரண்டு மூன்று நிமிடம் ஓடும். மெயின் சுவிட்சைப் பிடுங்கினால் அடுத்த முறை பற்றாமல் போகலாம். ஒக்டோபரிலேயே ஒரு இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கோடை முழுக்கத் தூங்கின ஹீட்டரை முதல் புயலில் நம்பிப் படுப்பது சரியில்லை.

கணக்கும் சொல்கிறேன். என்ஜினைச் சும்மா ஓடவிட்டால் மணிக்கு 3 லீற்றர் வரை குடிக்கும், ஒரு நாளைக்கு 70 லீற்றருக்கு மேல். பங்க் ஹீட்டர் ஒரு நாளைக்கு 5 லீற்றரோடு முடித்துவிடும். எதுவானாலும் வடகரையில் டாங்கி பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. வாவாவில் டீசல் அடிக்காமல் விட்டு வைட் ரிவரில் அடிக்கலாம் என்று போனால், இடையில் 90 கிலோமீற்றர். அந்த 90 தான் பூட்டப்படும்.

அந்த 5 நிமிட விஷயத்தைக் கம்பனியின் சேஃப்டி ஆளிடம் இப்போதே எழுத்தில் கேளும். வெளிக் குளிர் ஒரு அளவுக்குக் கீழே போனால் என்ஜின் நிற்காதபடி வைக்க அனேக வண்டிகளில் வழி உண்டு. போன் அடித்துச் சொன்னோம் என்பது பிறகு எங்கேயும் நிற்காது.

நாமக்கல் டூ பிராம்ப்டன்

தம்பி, டீசலைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் அப்பா நாமக்கல்லில் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவர். டீசல் உறையும் என்று அவரிடம் போனில் சொன்னபோது நம்பவில்லை. அதன் மெழுகுதான் முதலில் பிரிந்து வருகிறது. சாதாரண இரண்டாம் எண் டீசல் மைனஸ் 10க்கு அக்கம்பக்கத்திலேயே மங்கலாக ஆரம்பிக்கும். அந்த மெழுகு போய் ஃபில்டரை அடைக்கும், என்ஜின் மூச்சுத் திணறி நிற்கும். தொட்டியில் டீசல் நிறைய இருக்கும், என்ஜினுக்குத்தான் போய்ச் சேராது.

கனடாவில் குளிர்காலத்துக்கென்று கலந்த டீசலைத்தான் பெட்ரோல் பங்கில் தருகிறார்கள். ஆபத்து தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு. நான் டெக்சஸ் லரேடோவிலிருந்து காய்கறி ஏற்றி வருகிறவன். விலை மலிவு என்று அங்கே இரண்டு தொட்டியும் நிரப்பிக்கொண்டு வந்து, மூன்றாவது நாள் மினசோட்டாவில் மைனஸ் 29 இல் நின்றுவிட்டேன். நம் ஊர் நெய் மார்கழியில் கட்டிக்கொள்வது மாதிரி, ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே அப்படி இருந்தது. அன்றிலிருந்து மேலே வர வர தெற்கு டீசலைத் தீர்த்துக்கொண்டே வந்து, குளிர் தொடங்கும் இடத்தில் அந்த ஊர் டீசலை நிரப்புகிறேன்.

ஆன்டி-ஜெல் மருந்தைக் குளிர் வருவதற்கு முன்பே, டீசல் அடிப்பதற்கு முன் தொட்டியில் ஊற்றுங்கள், அடிக்கும்போது நன்றாகக் கலந்துவிடும். உறைந்த பிறகு அது உதவாது. அதற்கு வேறு மருந்து, சிவப்புப் போத்தலில் வரும். அதிலும் ஒன்று வண்டியில் இருக்கட்டும். கூடவே இரண்டு ஃபில்டர், அதைக் கழற்றுகிற சாவி.

அப்புறம் டெஃப், அதாவது புகையைச் சுத்தமாக்கத் தனித் தொட்டியில் ஊற்றுகிற திரவம். அது மைனஸ் 11 இலேயே உறையும். பயப்பட வேண்டாம், என்ஜின் சூடானதும் அதன் தொட்டியைத் தானே இளக்கிக்கொள்ளும். தொட்டியைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள், உறையும்போது விரியும்.

கராஜ்காரன்

ஹீட்டர் செத்தால் என்று ஏன் இவ்வளவு கவலை? கூடாரம் அடிக்கிறவர்கள் வைத்திருக்கிற சின்னப் புரொப்பேன் ஹீட்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். நான் மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கிவிட்டால் போதும்.

வடகரை22

தம்பி கராஜ்காரன், உம்மோடு சண்டைக்கு வரவில்லை, ஆனால் இதைப் புதுப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். தயவுசெய்து ட்ரக்குக்குள் புரொப்பேன் வேண்டாம், கேஸ் அடுப்பு வேண்டாம், கரி வேண்டாம்.

காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. தலையிடி, குமட்டல், அப்புறம் தூக்கம். களைத்துப்போன சாரதிக்கு இந்த மூன்றும் எப்போதும் உள்ளதுதான், வித்தியாசம் தெரியாது. நீர் இறக்கிவிட்ட அந்த ஒரு அங்குலத்தைக் காற்று அடிக்கிற பக்கப் பனி அரை மணி நேரத்தில் மூடிவிடும். மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்பது மூன்று வருடத்துக்குத்தான் சாட்சி.

என்ஜினை ஓடவிட்டு நிற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். புகைக்குழாய் கீழால் போகிற வண்டி என்றால் பனி குவிந்து அதை மூடலாம். பங்க் ஹீட்டரின் குழாய் வண்டிக்கு அடியில்தான் இருக்கிறது. மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி, ஒரு கையால் வண்டியைத் தொட்டபடியே சுற்றி வந்து, வழித்துவிட வேண்டும். பற்றறியில் ஓடும் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்று ஸ்லீப்பரில் தலைமாட்டில் இருக்க வேண்டும்.

கராஜ்காரன்

அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு அலாரம் இல்லை. இன்றைக்கே வாங்குகிறேன், ஹீட்டரை வீட்டுக் கராஜில் இறக்கி வைக்கிறேன்.

அஜாக்ஸ் அக்கா

நான் சாரதி இல்லை, என்னுடைய அவர் ஓடுகிறார். 54 வயது, இன்சுலின் போடுகிறவர். கடந்த மாசியில் ஒரு நாள் முழுக்க ரோட்டில் அகப்பட்டு வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டு நாளாகச் சீனி இறங்கவில்லை. பேனாக்கள் முன் தட்டில் கிடந்து உறைந்து இளகியிருக்கின்றன. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. உறைந்த இன்சுலின் பழுது என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது.

எங்கள் ஆட்களில் நீரிழிவு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. இதை யாரும் உங்கள் பட்டியலில் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். இப்போது அவர் பேனாவை உள் சட்டைப் பையில் உடம்போடு வைத்திருக்கிறார். இரவில் ஸ்லீப்பிங் பைக்குள்ளே அவரோடுதான். பிரஷர் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் மூன்று நாளுக்கு மேலதிகமாக ஒரு சின்ன டப்பாவில். சீனி திடீரென்று இறங்கினால் சாப்பிடக் குளுக்கோஸ் வில்லை.

சாப்பாடும் சொல்கிறேன். கறி சோறு கட்டிக் கொடுத்தால் கல்லாகிவிடும். நான் கொடுத்து விடுவது தட்டை வடை, எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், பேரீச்சம்பழம், கச்சான். குளிரில் கெடாது, கையுறையோடும் எடுத்துச் சாப்பிடலாம். சீனிக்காரருக்குப் பணியாரத்தை எண்ணித்தான் வைக்கிறேன். தண்ணீர்ப் போத்தலை முக்கால்வாசிதான் நிரப்பி ஸ்லீப்பருக்குள் வைக்க வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்கில் சுடுதண்ணீர், கொத்தமல்லியும் இஞ்சியும் இடித்த தூள் ஒரு போத்தல்.

சாராயம் குடித்தால் சூடு என்று சிலர் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது தோலுக்குச் சூட்டைக் கொண்டுவந்து வெளியே விட்டுவிடும், உள்ளே உடம்பு இன்னும் குளிரும்.

வடகரை22

தங்கச்சி, 22 வருடத்தில் எனக்குத் தோன்றாத விஷயம். நன்றி.

இன்னொன்று, பெண்கள் வாசிக்கிறார்கள் என்றாலும் எழுதத்தான் வேண்டும். மூடியுள்ள அகன்ற வாய்ப் போத்தல் ஒன்று வைத்திருங்கள். புயலில் சிறுநீருக்கு இறங்கி வழி தெரியாமல் போகக் கூடாது. பனி வெள்ளையாக அடிக்கும்போது பத்து அடி தள்ளி நிற்கிற உங்கள் சொந்த ட்ரக் தெரியாது.

புதுச்சாரதி (ஸ்காபரோ)

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன். நிறுத்தும்போது மூக்கு காற்றுப் பக்கமா, முதுகு காற்றுப் பக்கமா? இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

நாமக்கல் டூ பிராம்ப்டன்

முதுகுதான். காற்று ரேடியேட்டருக்குள் நேரே அடித்தால் என்ஜின் சீக்கிரம் ஆறிப்போகும். முன்பக்கக் குளிர் மறைப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

வயோமிங் ஓட்டம்

காலி ட்ரெய்லர் என்றால் நான் மூக்கைத்தான் காற்றுக்குக் கொடுப்பேன். ஐ-80 இல் லராமிக்கும் ராலின்ஸுக்கும் இடையில் காலி வண்டிகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். அங்கே பாரம் குறைந்த உயர வண்டிகளுக்கு மட்டும் தனியாக ரோட்டைப் பூட்டுவார்கள். என்ஜின் ஆறுவதைவிட வண்டி கவிழ்வது மோசம்.

வடகரை22

இரண்டு பேரும் சரி. பாரம் இருந்தால் முதுகு, காலியாக இருந்து காற்று பலம் என்றால் மூக்கு. பக்கவாட்டைக் காற்றுக்குக் கொடுப்பது மட்டும் எந்த நாளும் கூடாது.

ஓனர் ஒப்பரேட்டர்

எல்லாரும் நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்கிறீர்கள். நிறுத்தினால் எனக்கு யார் காசு தருகிறார்கள்? ட்ரக் கட்டுக்காசு புயலைப் பார்த்து நிற்பதில்லை. லோட் ஒதுக்கி அனுப்புகிற டிஸ்பாட்ச்காரர் மணிக்கு ஒரு தடவை எங்கே எங்கே என்கிறார். மெல்ல மெல்ல ஓடினால் அநேகமாகப் போய்விடலாம்.

402 இல் இருந்தவன்

அண்ணை, உங்கள் கஷ்டம் எனக்கும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

2010 டிசம்பர் 13. ஒன்ராறியோவில் சார்ணியாவுக்கும் லண்டனுக்கும் இடையில் 402 ஆம் நெடுஞ்சாலை. எல்லாரும் மெல்ல மெல்லத்தான் ஓடினோம். ஹியூரன் ஏரித் தண்ணீர் இன்னும் சூடாக இருக்கையில் மேலே குளிர்காற்று வந்தால் அது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஒரே பட்டையாகக் கொட்டும். பத்து கிலோமீற்றர் தள்ளி வெயில் இருக்கும், அந்தப் பட்டைக்குள் முன் பம்பர் தெரியாது. முன்னுக்கு ஒரு ட்ரக் ட்ரெய்லரோடு குறுக்கே மடங்கி நின்றது, பின்னால் எல்லாரும் அகப்பட்டோம். 300 பேருக்கு மேல். இராணுவ ஹெலிகொப்டர் வந்தது. நான் ஒரு நாளுக்கு மேல் இருந்தேன்.

என்னிடம் டீசல் இருந்தது. பக்கத்துக் காரில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும், பெற்றோல் கால் டாங்கி. இரவு அவர்களை என் ஸ்லீப்பரில் ஏற்றிக்கொண்டேன். அந்தப் பிள்ளைகள் நடுங்கின நடுக்கத்தைப் பார்த்த பிறகு எப்போதும் இரண்டு பேருக்குக் கூடுதலாகப் போர்வையும் சாப்பாடும் வைத்திருக்கிறேன். புயலில் நின்றால் எங்கள் வண்டிதான் அந்த ரோட்டிலேயே சூடான வீடு.

2022 ஜனவரியில் வேர்ஜினியாவில் ஐ-95 இலும் இதுதான் நடந்தது, சிலர் 24 மணி நேரத்துக்கு மேல். அதே வருட டிசம்பர் பஃபலோ புயலில் வாகனத்துக்குள்ளேயே இறந்தவர்கள் உண்டு. அங்கேயும் அநேகமாகப் போய்விடலாம் என்று கிளம்பினவர்கள் இருந்திருப்பார்கள்.

வயோமிங் ஓட்டம்

டிஸ்பாட்ச் பேச்சு வந்ததால் ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சாரதியாக இருக்கிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

2009 ஜனவரி, இலினோய் மாநிலம், ஐ-88. அல்ஃபோன்ஸ் மாடின் என்ற சாரதியின் ட்ரெய்லர் பிரேக் நள்ளிரவுக்கு முன் உறைந்துபோனது. ட்ரக்கில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கம்பனியின் உதவி எண்ணுக்கு அழைத்துவிட்டுக் காத்திருந்தவர் தூங்கிவிட்டார். உறவினர் ஒருவர் போன் எடுத்ததால்தான் விழித்தார். பேச்சுக் குழறியது, கால்களில் உணர்வில்லை. மறுபடி அழைத்தார், பொறுத்திரு என்றார்கள். கடைசியில் ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு ட்ரக்கோடு போனார். லோட்டைக் கைவிட்டார் என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு ஏழு வருடம் நடந்தது. 2016 இல் அமெரிக்காவின் 10 ஆவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எதிராக எழுதிய அந்த ஒரு நீதிபதி நீல் கோர்சச். மறு வருடம் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கும் விசாரணையில் இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் துருவிக் கேட்டார்கள்.

பேச்சுக் குழறுவதையும் தூக்கம் வருவதையும் கவனியுங்கள். உடம்புச் சூடு 35க்குக் கீழே இறங்கியதன் அடையாளம். நடுங்குகிறவரை உடம்பு போராடுகிறது. குளிர் குறையாமலே நடுக்கம் நின்றால் மிக ஆபத்து. அதனால் வீட்டில் ஒருவர் இரண்டு மணிக்கு ஒருதடவை போன் எடுக்கும்படி சொல்லி வையுங்கள். மாடினை எழுப்பியது ஒரு போன்தான்.

நாமக்கல் டூ பிராம்ப்டன்

கனடாவில் மாகாணம் தாண்டி ஓடுகிறவர்களுக்குக் கனடா தொழிற்சட்டத்தின் இரண்டாம் பாகம், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தருகிறது. டிஸ்பாட்ச் கேட்டால் வாக்குவாதம் வேண்டாம். இடம், நேரம், வெப்பநிலை, பாதுகாப்பாக இல்லாததால் நிறுத்துகிறேன் என்று ஒரே செய்தியாக அனுப்பிவிட்டு, ரோட்டை ஒரு படம் எடுத்து வையுங்கள். மோசமான வானிலைக்காக இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடலாம் என்ற விதி, எதிர்பாராமல் வந்த புயலுக்குத்தான். காலையில் எச்சரிக்கை பார்த்துவிட்டுக் கிளம்பினவர்களுக்கு அது இல்லை.

ஓனர் ஒப்பரேட்டர்

சரி. 402 தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். இந்தக் கிழமை லோட்டை ஒரு நாள் பிந்தித்தான் எடுக்கிறேன்.

புதுச்சாரதி (ஸ்காபரோ)

ஒன்பது நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். வைட் ரிவரில் நிற்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் வாவாவில் டீசல் அடித்து மருந்தும் ஊற்றினேன். ரோட்டு நிலவரம் சொல்கிற 511 இல் மரத்தன் பக்கம் பூட்டப்போகிறார்கள் என்று கண்டதும் இங்கேயே நிறுத்திவிட்டேன். ஒரு மணி நேரத்தில் இடம் நிரம்பிவிட்டது, பிந்தி வந்தவர்கள் ரோட்டோரம் நின்றார்கள். டிஸ்பாட்ச்சுக்கு அண்ணா சொன்ன மாதிரி ஒரே செய்தி. ஓகே என்று மட்டும் பதில் வந்தது.

இரவு மைனஸ் 33. ஹீட்டர் நாலு மணிவரை ஓடியது, அப்புறம் நின்றது. பயம் வந்தது, உண்மை. கம்பளி எல்லாம் போட்டபடியே பைக்குள் இருந்ததால் குளிர் பெரிதாக ஏறவில்லை. சேஃப்டி ஆள் அந்த 5 நிமிடத்தை மாற்றித் தந்திருந்தபடியால் என்ஜினைப் போட்டு ஓடவிட்டேன், நின்று நின்றுதான் பற்றியது. இறங்கிப் புகைக்குழாயைப் பார்த்தேன். அம்மா இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் போன் எடுத்தார். பக்கத்தில் நின்ற பஞ்சாபி அண்ணை ஒருவருக்கு எள்ளுருண்டை கொடுத்தேன், அவர் தேத்தண்ணி தந்தார்.

ரோடு இப்போதுதான் திறந்திருக்கிறது. ஆனால் ட்ரெய்லரின் இடது பின்சக்கரம் சுழலவில்லை, இழுபடுகிறது. பிரேக் உறைந்திருக்கிறது போல. என்ன செய்வது?

வடகரை22

இழுக்க வேண்டாம், ரயர் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். முதலில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வையும். பிறகு ட்ரெய்லர் பிரேக்கை விடுவித்து, சுத்தியலால் அந்தச் சக்கரத்தின் பிரேக் ட்ரம்மைச் சுற்றித் தட்டும். ரிம்மில் படக் கூடாது. டக் என்று சத்தம் கேட்டால் விட்டுவிட்டது என்று அர்த்தம். கட்டையை எடுத்துவிட்டு பத்து அடி முன்னே போய், கண்ணாடியில் ஒவ்வொரு சக்கரமாகப் பாரும்.

பிரேக்கின் காற்று டாங்கிகளில் சேர்ந்த தண்ணீரைத் திறந்து விட்டீரா? இல்லையென்றால் அதையும் இப்போதே செய்யும். அடுத்த முறை நிறுத்துவதற்கு முன் கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றர் பிரேக்கை மெல்லப் பிடித்து ஈரத்தைக் காயவிட்டு, சூடு ஆறின பிறகு பூட்டும்.

புதுச்சாரதி (ஸ்காபரோ)

மூன்றாம் தட்டில் விட்டுவிட்டது அண்ணை. எட்டுச் சக்கரமும் சுழல்கிறது. டாங்கியில் ஒரு கோப்பை அளவு தண்ணீர் வந்தது. தண்டர் பேயில் பற்றறியைச் சோதிக்கக் கொடுக்கிறேன். அம்மாவுக்குப் போன் எடுத்துவிட்டுக் கிளம்புகிறேன்.